முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு தூரம்?

எப்பாக்சி பிசினோடு ஒரு ஹார்டனரைக் கலந்தால் கல்லாக இறுகுகிறது. அதே பிசினில் அதே குடும்பத்து வேறொரு ஹார்டனரைச் சேர்த்தால், இறுகிய பிறகும் ரப்பராக வளைகிறது. இரண்டுக்கும் வேதியியல் ஒன்றுதான். மாறுவது மூலக்கூறுச் சங்கிலியின் நீளம்.

இத்தகைய பிசின்களுக்குத் தெர்மோசெட் என்று பெயர். வினை முடிந்ததும் மூலக்கூறுகள் எல்லாம் பிணைந்து, மீன்வலைபோல ஒரே பின்னலாகிவிடுகின்றன. முடிச்சுகள் நெருங்கியிருந்தால் சங்கிலிகளுக்கு அசைய இடமில்லை. விலகியிருந்தால் அவை நீண்டு, விட்டதும் மீள்கின்றன.

பாலிஈதர் அமீன் ஹார்டனர்களில் இதை நேராகவே பார்க்கலாம். டி-230, டி-400, டி-2000 என்ற பெயர்களில் உள்ள எண்தான் தோராயமான மூலக்கூறு எடை. வழக்கமான பிஸ்ஃபீனால் எப்பாக்சியோடு சேர்ந்தால், டி-230 தரும் பொருள் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வரை விறைப்பாக நிற்கும். டி-400 என்றால் அந்த எல்லை 50-ஐ ஒட்டி இறங்கிவிடும். டி-2000-க்கோ அது பூஜ்ஜியத்துக்கும் கீழே. அதனால் அறை வெப்பத்திலேயே அது ரப்பர்.

கலவை விகிதத்தையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு நீண்டாலும் சங்கிலிக்கு வினைபுரியும் முனைகள் இரண்டுதான். எனவே 100 கிராம் பிசினுக்கு டி-230 சுமார் 32 கிராம் போதும். டி-2000 ஏறக்குறைய 270 கிராம் வேண்டும். முனைகள் அவ்வளவு பொருளுக்குள் சிதறிக் கிடப்பதால் இறுகவும் நேரமாகும்.

நெகிழ்வு சும்மா கிடைப்பதில்லை. வலுவும் வெப்பம் தாங்கும் திறனும் குறைகின்றன, கரைப்பான் பட்டால் எளிதில் உப்புகிறது. ஆனாலும் மின்னணுச் சர்க்யூட்டை ஊற்றி மூடும் வேலைக்கு நெகிழும் பிசினே பெரும்பாலும் ஏற்றது என்பேன். சூட்டில் அது விறைப்பான பிசினைவிட அதிகமாகவே விரிகிறது; ஆனால் அதன் விறைப்பு நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. சாலிடர் இணைப்புகளைப் பிய்க்கும் அளவுக்கு அதனால் இழுக்க முடியாது.

பிசின் மென்மையாக வேண்டும் என்று ஹார்டனரைக் குறைத்து ஊற்றும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சங்கிலி அதனால் நீளாது. வினைபுரியாத முனைகள்தான் மிஞ்சும், பிசுபிசுப்பும் போகாது. நடுத்தர நெகிழ்வு தேவையென்றால் டி-230-இல் ஒரு பகுதிக்குப் பதிலாக டி-400 சேர்த்து, விகிதத்தைப் புதிதாகக் கணக்கிட்டுக் கலக்க வேண்டும்.