விளையாட்டுக் கணினியும் வரைகலை அட்டையும்



"விளையாட்டுக்கென்று ஒரு கணினி அமைக்க விரும்புகிறேன்; எந்த கிராபிக்ஸ் கார்டு சிறந்தது?" என்று செங்கற்பட்டுப் பகுதி மாணவர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. கிராபிக்ஸ் கார்டைத் தமிழில் வரைகலை அட்டை என்கிறோம். விளையாட்டுக் கணினியின் உறுப்புகளுள் பெரும்பாலும் விலை மிகுந்தது அதுவே. பல குடும்பங்களில் அதன் விலை ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும். ஆகவே, இக்கேள்வி விளையாட்டைப் பற்றியதாயினும், இதற்கு விடை காண்பது விளையாட்டுக் காரியம் அன்று.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடம் ஒன்றிற்குச் சென்று, "எந்த உளி சிறந்தது?" என்று கேட்டால், "எந்தக் கல்? என்ன வேலை?" என்ற கேள்விதான் முதலில் பிறக்கும். பாறையைப் பிளக்கும் உளி வேறு; கண்ணிமையைச் செதுக்கும் உளி வேறு. வரைகலை அட்டையும் அத்தகையதே. எல்லார்க்கும் சிறந்த அட்டை என்று ஒன்று இல்லை. அவரவர் தேவைக்குப் பொருந்திய அட்டை என்று ஒன்று உண்டு. அதனைக் கண்டறியும் வழியை இன்று பார்ப்போம்.

முதலில், இவ்வட்டை செய்யும் வேலை யாது? கணினித் திரையில் நாம் காணும் படம் எண்ணற்ற புள்ளிகளால் ஆனது. இன்று பரவலாக வழங்கும் திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகளும் உயரவாட்டில் 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு தடையின்றி ஓட வேண்டுமானால், நொடிக்கு 60 முறையேனும் படம் புதிதாக வரையப்பட வேண்டும். அதாவது, ஒவ்வொரு நொடியும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் கணக்கிட வேண்டும்.

கணினியின் மையச் செயலி பெருந்தச்சரைப் போன்றது. சிக்கலான வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்கும். வரைகலைச் செயலியோ ஆயிரக்கணக்கான கல்தச்சர்கள் ஒரே பாறையில் ஒரே நேரத்தில் சிறு சிறு வேலை செய்வதைப் போன்றது. 1999ஆம் ஆண்டு என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்னும் அட்டையை வெளியிட்டபோது, வரைகலைச் செயலி என்னும் பெயர் எங்கும் பரவியது.

இனி, அட்டை வாங்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு வருவோம். முதற்கேள்வி, "நான் ஆடப்போகும் ஆட்டம் எது?" என்பது. 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதனைக் கண்டு சதுரங்கத்தில் ஆர்வம் கொண்ட ஒரு மாணவர் கணினியோடு ஆடிப் பழக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக்ஃபிஷ் என்னும் புகழ்பெற்ற சதுரங்க நிரல் மையச் செயலியைக் கொண்டே இயங்குகிறது. அவருக்குத் தனியாக வரைகலை அட்டை வேண்டியதில்லை. ஆனால் லீலா செஸ் ஸீரோ என்னும் மற்றொரு நிரலை முழு வலிமையோடு இயக்க வேண்டுமானால் நல்ல அட்டை தேவை. ஒரே ஆட்டத்திலேயே இத்தனை வேறுபாடு! பரந்த நகரங்களையும் காடுகளையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஆட்டங்களுக்கோ வலிமை மிக்க அட்டை இன்றியமையாதது. ஒவ்வோர் ஆட்டத்தையும் வெளியிடுவோர், அதற்கு வேண்டிய குறைந்த அளவையும் பரிந்துரைக்கும் அளவையும் குறித்திருப்பர். அதனை முதலில் படித்துக்கொள்க.

இரண்டாவது கேள்வி, "என் திரை எத்தகையது?" என்பது. 3840க்கு 2160 என்னும் அளவுள்ள திரையில் 82,94,400 புள்ளிகள் உள்ளன. முன்பு சொன்ன திரையைப்போல் இது சரியாக நான்கு மடங்கு. அட்டையின் சுமையும் அதற்கேற்பப் பெருகும். மேலும், நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரைக்கு, நொடிக்கு 150 படம் வரையும் அட்டையை வாங்கினால், மிகுதிப் படங்களை நாம் முழுமையாகக் காண்பதற்கில்லை. சிறு படியால் அளக்கும் வீட்டில் பெருங்களஞ்சியம் கட்டுவதால் பயன் என்ன?

மூன்றாவதாக, பெயரையும் எண்ணையும் கண்டு மயங்கலாகாது. அட்டையில் உள்ள நினைவகத்தின் அளவை மட்டும் கேட்டு வாங்குவோர் பலர். நினைவகம் வேண்டியதுதான், அது போதாவிடில் ஆட்டம் திக்கித் திணறும். ஆனால் அது ஒன்றே அளவுகோல் அன்று. ஜிடி 1030 என்னும் அட்டை 2017இல் ஒரு வகை நினைவகத்துடன் வந்தது. 2018இல் வேறு வகை நினைவகத்துடனும் வந்தது. பெயரும் ஒன்று, நினைவக அளவும் ஒன்று. எனினும், பின்னதன் நினைவக வேகம் முன்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 அட்டையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 6 ஜிகாபைட் வகையில் 1280 கணிப்பகங்கள் இருந்தன. 3 ஜிகாபைட் வகையில் இருந்தவை 1152 மட்டுமே. ஆகவே பெட்டியின் மேலுள்ள பெயரோடு நில்லாமல், உள்ளிருப்பதன் விவரத்தையும் படித்தல் வேண்டும்.

நான்காவதாக மின்சாரம். ஆர்டிஎக்ஸ் 4060 என்னும் அட்டைக்கு 115 வாட் மின்திறன் குறிக்கப்பட்டுள்ளது. ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட். நாள்தோறும் மூன்று மணி நேரம் முழுச்சுமையில் இயங்கினால், இரண்டு மாதங்களில் முன்னது சுமார் 21 யூனிட் கொள்ளும். பின்னது 81 யூனிட் கொள்ளும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கும் முறை 2016இல் தொடங்கியது. அதில் பெரும்பகுதியை ஓர் அட்டையே தின்றுவிடக்கூடும் என்பதைப் பெற்றோரோடு கலந்து பேசுக. கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி இந்தச் சுமையைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதில் சிக்கனம் பிடித்தால் அட்டைக்கே கேடு வரலாம்.

ஐந்தாவது கேள்வி நம் வட்டாரத்திற்கே உரியது. அட்டை கொள்ளும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. அவ்வெப்பத்தைப் போக்க விசிறிகள் அறைக்காற்றை இழுத்து வீசுகின்றன. செங்கற்பட்டின் சித்திரை வெயிலில் அக்காற்றே சூடாக இருக்கும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரத்திலோ அது உப்பையும் சுமந்து வரும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். உப்பு கல்லின் நுண்துளைகளுட் புகுந்து படிகமாகி அதனை அரிக்கின்றது. தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழைச் சுவர்மேல் அப்பி, அவ்வுப்பை உறிஞ்சி எடுக்கின்றனர். கருங்கல்லுக்கே இந்நிலை என்றால், நூலினும் மெல்லிய செப்புக் கம்பிகளின் கதி என்ன? உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து, துருவை உண்டாக்கும். ஆதலால் கடலோர நண்பர்கள் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அட்டையைத் தேர்வது நன்று. குறைந்த வெப்பத்திற்குக் குறைந்த காற்றே போதும்; உட்புகும் உப்பும் குறையும். கணினியைக் கடல் நோக்கிய சன்னலருகே வைக்கவேண்டா. துருவினால் வரும் சேதம் உத்தரவாதத்தில் அடங்குமா என்றும் கேட்டறிக.

வாங்கும் இடம் பற்றி ஒரு சொல். செங்கற்பட்டிலிருந்து மின்சார ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்வோர் பலர். அங்கே பழைய அட்டைகளும் மலிவாகக் கிடைக்கும். ஈதரியம் என்னும் மின்நாணயத்தைத் திரட்ட உலகெங்கும் இரவு பகலாக இயங்கிய அட்டைகள், 2022 செப்டம்பர் 15இல் அம்முறை கைவிடப்பட்டதும் பழைய பொருளாகச் சந்தைக்கு வந்தன. அவை யாவும் பழுதானவை அல்ல. எனினும் விசிறி தேய்ந்திருக்கலாம், நினைவகம் சூட்டில் வாடியிருக்கலாம். அரைமணி நேரம் முழுச்சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தபின் வாங்குக. புதிதாயின் ரசீதும், அட்டையின் வரிசை எண் குறித்த உத்தரவாதச் சீட்டும் பெறாமல் கடையைவிட்டு வராதீர்.

நண்பர்களே! ஆட்டம், திரை, உள்ளிருப்பு, மின்சாரம், காற்று என்னும் இவ்வைந்தையும் ஒரு தாளில் எழுதி, அதன் பின்னரே விலைப்பட்டியலைக் கையில் எடுங்கள். விலையை முதலில் பார்ப்பவர் கைக்கு எட்டிய மட்டும் செலவழிப்பார். தேவையை முதலில் பார்ப்பவர் தேவையான மட்டுமே செலவழிப்பார். அவ்வாறு மிஞ்சும் பணம் நல்ல மின்பெட்டிக்கு உதவும். இல்லையேல் அடுத்த பருவத்துப் புத்தகங்களுக்கு உதவும். பெற்றோர் உழைத்து ஈட்டிய பொருளைச் செலவிடும்போது இந்த ஒரு தாள் அளவு சிந்தனையேனும் நாம் செலுத்த வேண்டாமா?