காரணத்தை எழுத்தில் கேளுங்கள்

இரண்டு காலி நாற்காலிகள். ஒன்றுக்குப் பக்கத்தில் காலில் காலிபர் அணிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மற்றதற்குப் பக்கத்தில் அது அணியாத ஒருவர். உள்ளே வருகிறவர் எதில் உட்காருவார்? ஸ்னைடர், கிளெக் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்து 1979-இல் வெளியிட்டார்கள். நடுவே ஒரு தடுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு டிவி. இரண்டிலும் ஒரே படம்தான் என்று சொன்னபோது காலிபர் அணிந்தவரை விட்டு ஒதுங்கியவர்கள் குறைவு. இங்கே ஒரு படம், அங்கே வேறு படம் என்றதும் பெரும்பாலோர் மறுபக்கம் போய்விட்டார்கள். சாக்கு இல்லாதபோது ஒதுங்கினால் நமக்கே கூச்சமாக இருக்கிறது. சாக்கு கிடைத்துவிட்டால் ஒதுங்கிக்கொள்கிறோம், 'எனக்கு அந்தப் படம் பிடிக்கும்' என்று நாமே நம்பியும் விடுகிறோம்.

மாற்றுத்திறனாளிகள் மீதான தப்பெண்ணம் என்றதும் கேலியும் வசையும்தான் நினைவுக்கு வரும். அவை காதில் விழுகின்றன, எதிர்த்துக் கேட்க முடிகிறது. வேலையையும் வாடகை வீட்டையும் வங்கிச் சேவையையும் பறிக்கிற தப்பெண்ணம் பெரும்பாலும் அக்கறை வேடத்தில் வருகிறது. "மாடிப்படி ஏற உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேப்பா" என்பார் வீட்டு உரிமையாளர். "அலைச்சல் ஜாஸ்திம்மா, உங்க உடம்பு தாங்காது" என்பார் நேர்காணல் எடுப்பவர். நீ வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் எதிராளியின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்வதைவிட, அவர் வாயால் சொல்லும் சாக்கைத் தாளில் வாங்குவது பயன்தரும் என்று நினைக்கிறேன்.

சாக்குகளிலேயே பழையது விதி. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னையில் அரசுப் பள்ளி மாணவர்கள் முன் பேச அழைக்கப்பட்ட ஒரு சொற்பொழிவாளர், உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்ற பொருளில் பேசினார். எதிர்த்துக் கேட்டவர் பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர். காணொளி பரவியது. செப்டம்பரில் பேச்சாளர் கைதானார், வழக்கில் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் சேர்க்கப்பட்டது.

இதை நம் ஊர் மூடநம்பிக்கை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1966-இல் சிம்மன்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதாக மாணவர்களை நம்பவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். உண்மையில் அது நடிப்பு. அவளுடைய வேதனையை நிறுத்த வழி கொடுக்கப்பட்டவர்களைவிட, கையைக் கட்டிக்கொண்டு பார்க்க நேர்ந்தவர்களே அவளைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். நியாயமான உலகில் ஒருவர் காரணமின்றித் துன்பப்பட முடியாது, எனவே துன்பப்படுகிறவரிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 'நான் பாவம் செய்யவில்லை, எனக்கு அது நேராது' என்பதே இந்தக் கணக்கில் கிடைக்கும் ஆறுதல். ஊனம் நாளைக்கே ஒரு சாலை விபத்திலோ சர்க்கரை நோயிலோ எவருக்கும் வரலாம் என்ற பயத்தைத் தள்ளிவைக்க இதைவிட மலிவான வழி இல்லை. அந்த ஆறுதலுக்கான விலையைக் கொடுப்பது, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியாடி?" என்று கேட்கப்படும், ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாய்.

இரக்கத்தை எதிர்கொள்வது இதைவிடக் கடினம். உளவியலாளர் சூசன் ஃபிஸ்க்கும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிறரை நாம் இரண்டு கேள்விகளால் எடைபோடுகிறோம்: நல்லவரா, திறமையுள்ளவரா? முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதல் கேள்வியில் நல்ல மதிப்பெண், இரண்டாவதில் மிகக் குறைவு. அந்தக் கலவைக்கு மனம் கொடுக்கும் பெயர் 'பாவம்'. ஒரு குறையை வைத்து முழு ஆளையும் அளப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கண் தெரியாதவரிடம் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் கத்துகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, தள்ளி வந்தவரிடம் "சாருக்கு என்ன வேணும்?" என்கிறார் ஓட்டல் பணியாளர்.

வங்கியில் இந்த இரக்கம் பணத்தின் மேலேயே கை வைக்கிறது. "உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன், செக் புக் எதுக்கு? யாராவது ஏமாத்திட்டா?" காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர் உள்ளிட்ட எல்லா வசதிகளையும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடின்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மேலாளர் அதைப் படிக்காதது வாடிக்கையாளர் பிரச்சினை அல்ல.

விமானத்தில் இதே சாக்குக்குப் பாதுகாப்பு என்று பெயர். பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கருத்தரங்குக்காகக் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லவிருந்தார். இருக்கையில் அமர்ந்துவிட்டவரை ஊழியர்கள் இறக்கிவிட்டார்கள். அவருக்கு ஸ்பைஸ்ஜெட் விமான நிறுவனம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. 2022 மே மாதம் ராஞ்சியில் இண்டிகோ ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனை ஏற்ற மறுத்தது, சொன்ன காரணம் அதே பாதுகாப்பு. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, விதியையும் திருத்தியது. அதன்படி, ஊனத்தைக் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும், ஊழியரின் கண்மதிப்பீடு போதாது.

வீட்டுக்குள் பாசமே சாக்கு. தங்கையைப் பெண் பார்க்க வரும் நாளில் அக்காவை உள்ளறையில் உட்கார வைப்பவர்கள் அவளை வெறுப்பவர்கள் அல்லர். பாகப் பிரிவினைப் பேச்சில் "அவனுக்கு நாங்க இருக்கோமே" என்று சொல்லும் அண்ணனும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. பாதுகாப்பு என்ற பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6 அதிகாலை மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

இந்த மனப்போக்கை மாற்ற முடியுமா? மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 வந்தால் பள்ளிகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் போட்டி வைக்கிறார்கள். இத்தகைய பாவனைப் பயிற்சிகள் பயத்தையும் கையாலாகாத உணர்வையும் கூட்டுகின்றன என்று 2017-இல் உளவியலாளர் மிஷேல் நாரியோ-ரெட்மண்டும் சகாக்களும் காட்டினார்கள். பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவருக்குக் கிடைப்பது தடுமாற்றம் மட்டுமே. பத்தாண்டுகளாகப் பார்வையின்றி வாழ்பவரின் கைத்திறன் அவருக்குத் தெரியாது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே சொன்னது வேறு: சம அந்தஸ்தில், ஒரே வேலைக்காக, நிறுவனத்தின் ஆதரவோடு சேர்ந்து பழகினால் தப்பெண்ணம் குறையும். அந்த வகையில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் எந்த விழிப்புணர்வு ஊர்வலத்தையும்விடப் பெரியது. 13,000-க்கும் மேற்பட்ட இடங்கள். தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஊர்க்காரர்கள் அந்த உறுப்பினரிடம் மனுவோடு வந்து நிற்க வேண்டும்.

மனம் மாற நாளாகும். வேலையும் வீடும் அதுவரை காத்திருக்காது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அதன் 3-ஆம் பிரிவைக் கூர்ந்து படியுங்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது; ஒரு நியாயமான நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவே செய்யப்பட்டது என்று காட்டினாலொழிய. அதாவது காரணம் சொல்லவேண்டிய பொறுப்பு மறுப்பவருடையது. சரிவுப்பாதை, தேர்வில் கூடுதல் நேரம், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் போன்ற சக்திக்கு உட்பட்ட மாற்றங்களைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான். மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட ஓம்கார் கோண்ட் வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஊனத்தின் சதவீதம் மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்காது, மருத்துவக் குழு தகுதியில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும் என்றது.

அரசு அலுவலகம் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், புகாரைப் பதிந்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் மாவட்டக் குழு. அதற்கும் மேலே மாநில ஆணையர்; சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்காத அலுவலகம் மூன்று மாதத்துக்குள் காரணத்தை ஆணையருக்கும் புகார்தாரருக்கும் தெரிவித்தாக வேண்டும். இங்கும் காரணம்தான் கேட்கப்படுகிறது. வழி தெரியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம்.

அவமானப்படுத்தினால் பிரிவு 92: ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பொதுப் பார்வையில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை, எனவே நேரில் பார்த்தவர்களின் பெயரும் காணொளியும் முக்கியம். ஊன்றுகோலையோ காதொலிக் கருவியையோ உடைப்பதும், பராமரிப்பில் இருப்பவருக்குத் தெரிந்தே உணவோ தண்ணீரோ மறுப்பதும் இதே பிரிவில் வரும். வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்கும் சுரண்டலுக்கும் பிரிவு 7 உண்டு. நிர்வாக நடுவரிடம், நம் ஊரில் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியரிடம், பாதிக்கப்பட்டவருக்காக வேறு எவரும் தகவல் தரலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வழக்கறிஞர் இலவசம், வருமான வரம்பு கிடையாது.

தனியார் வேலையில் சட்டத்தின் பிடி தளர்வு என்பதை மறைப்பதில் பயனில்லை. 4 சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடும் கடமை தனியாருக்கும் உண்டு, ஆகவே அதன் நகலைக் கேட்கலாம். காரணத்தை எழுதித் தர மாட்டேன் என்றால் நீங்கள் எழுதுங்கள். அன்றைக்கே மின்னஞ்சலிலோ விரைவுத் தபாலிலோ: "இன்று காலை 11 மணிக்கு உங்கள் அலுவலகத்தில் இன்ன பதவியில் இருப்பவர், எனக்கு அலைச்சல் தாங்காது என்று கூறி என் விண்ணப்பத்தை மறுத்தார். அவர் கூறியது இதுவல்ல என்றால் ஏழு நாட்களுக்குள் சரியான காரணத்தைத் தெரிவிக்கவும்." அனுப்பிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஆணையருக்குப் போகும் புகாரில் அது முதல் இணைப்பு.