ஒரே வண்டிக்குள் இரண்டு மின்சாரம்

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டுக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டு. அதை வாடகைக்கு எடுத்து முதன்முறையாகக் காட்டுப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் மட்டும் கரண்ட் இருக்காது. பழுது ஒன்றுமில்லை. அந்த வண்டிக்குள் இரண்டு தனித்தனி மின்சாரங்கள் ஓடுகின்றன, அவ்வளவுதான்.

ஒன்று, பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட் நேர்மின்னோட்டம். விளக்குகள், தண்ணீர் பம்ப், கேஸ் கசிவை எச்சரிக்கும் கருவி ஆகியவை இதில் ஓடுகின்றன. மற்றது, முகாம் திடலில் நட்டுவைத்திருக்கும் மின்பெட்டியிலிருந்து தடித்த கேபிள் வழியாக வரும் 120 வோல்ட் மாறுமின்னோட்டம். ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் இதை நம்பியிருப்பவை. கேபிளைக் கழற்றினால் இவை நின்றுவிடும்.

இரண்டையும் இணைப்பது கன்வெர்ட்டர். வெளியிலிருந்து வரும் 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றி, பேட்டரியையும் சார்ஜ் செய்யும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வது இன்வெர்ட்டர். கன்வெர்ட்டர் ஏறக்குறைய எல்லா டிரெய்லரிலும் இருக்கும். இன்வெர்ட்டர் பல வண்டிகளில் இருக்காது. அது இருந்தாலும் எல்லா பிளக்குகளுக்கும் கரண்ட் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. நம் வீடுகளில் கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடும், கீசரை யாரும் அதில் இணைப்பதில்லை அல்லவா? இங்கும் அதே கணக்குதான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். முடி உலர்த்தும் கருவி ஒன்று 1,500 வாட் எடுக்கிறது. 120 வோல்ட்டில் அதற்கு 12.5 ஆம்பியர் போதும். அதே 1,500 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 125 ஆம்பியர் ஓட வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஒரு கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. மின்னோட்டம் 10 மடங்கானால் அதே கம்பியில் வெப்பம் 100 மடங்கு. அதனால்தான் பெரிய இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, தடித்த கேபிளைக் குட்டையாக வெட்டி இணைக்கிறார்கள்.

பேட்டரி எவ்வளவு தாங்கும்? 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், மீறினால் அதன் ஆயுள் குறையும். பாதி என்றால் சுமார் 600 வாட்-மணி. 10 வாட் எல்இடி விளக்கு 60 மணி நேரம் எரியும். முடி உலர்த்தும் கருவியோ காகிதக் கணக்கிலேயே 24 நிமிடம்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குளிர் இரவுகளில் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜ் உயிர்நாடியான விஷயம். அறையைச் சூடாக்கும் அடுப்பு எரிவது கேஸில் என்றாலும், அதன் விசிறியைச் சுழற்றுவது பேட்டரிதான். டிவி பார்த்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டால், சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் குளிரில் நடுங்க வேண்டியதுதான்.

முகாம் திடல் இணைப்பிலும் இரண்டு வகை உண்டு. மூன்று முனை கொண்ட 30 ஆம்பியர் பிளக் 3,600 வாட் தரும். 50 ஆம்பியர் பிளக்குக்கு நான்கு முனை; அதில் 120 வோல்ட் லைன்கள் இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். பெயரைப் பார்த்துச் சற்றே அதிகம் என்று நினைத்தால் தவறு, மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியரில் ஏசி, மைக்ரோவேவ், மின்சார வெந்நீர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் டிரிப் ஆகிவிடும். வெந்நீரை மட்டும் கேஸுக்கு மாற்றினால் மற்ற இரண்டும் பெரும்பாலும் ஓடும்.

கேபிள் மாட்டிய பிறகும் சமையல் மேடைப் பிளக் வேலை செய்யவில்லையா? குளியலறையில் சிறு பொத்தான்கள் வைத்த பிளக் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் சுமார் 5 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே அது துண்டித்துவிடும். ஒரே பாதுகாப்புப் பிளக்கின் பின்னால் மற்ற பிளக்குகளும் தொடராக இணைந்திருப்பது வழக்கம். வெளிச்சுவர் பிளக்கில் மழைநீர் இறங்கினாலும் சமையலறை கரண்ட் போய்விடலாம்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. வீட்டு வாசலில் 30 ஆம்பியர் பாயிண்ட் போட வரும் எலெக்ட்ரீஷியன், துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது ஒன்று. மாட்டிய உடனே கன்வெர்ட்டர், மைக்ரோவேவ், டிவி என்று வரிசையாகக் கருகும். மின்பெட்டியில் எர்த் அறுந்துபோயிருப்பது மற்றொன்று. அப்போது உள்ளே ஏதாவது ஒரு கருவியில் கசிவு இருந்தால் டிரெய்லரின் உலோக உடம்பு முழுவதிலும் கரண்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவுப் பிடியைத் தொடுகிறவர் உயிரையே அது பறிக்கலாம். லேசாகச் சுர்ரென்றாலும், வண்டியை மறுபடி தொடாமல் மின்பெட்டியின் பிரேக்கரை அணைக்க வேண்டும்.

கேபிளைச் சொருகும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 30 ஆம்பியர் பாயிண்டில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 120 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத பெட்டியில் சொருகாமல், திடல் அலுவலகத்தில் சொல்லி வேறு இடம் கேளுங்கள்.