கருத்தடை கட்டாயமானால் லயத்து நாய்க்கு யார் பொறுப்பு?

நெகிரி செம்பிலானில் லாபு, லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் நாய் இல்லாத தொழிலாளர் லயத்தைப் பார்ப்பது அரிது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்களின் பின்னாலேயே அது ஓடும். செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டு முதலில் குரைப்பதும், மரவள்ளியைத் தோண்ட வரும் காட்டுப்பன்றியை விரட்டுவதும் அதுதான். ஆனால் யார் வீட்டு நாய் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டு வாசலில் தூக்கம், மூன்றாவது வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் குட்டி. வளர்ப்பு நாய், பூனைகளுக்குக் கருத்தடையைச் சட்டப்படி கட்டாயமாக்கலாமா என்ற விவாதம் தோட்டத்துக்கு வந்தால் முதலில் இடறுவது இங்கேதான். சட்டம் உரிமையாளரைத் தேடும். லயத்து நாய்க்கோ லயமே உரிமையாளர்.

மலேசியாவில் நாடு முழுவதற்கும் அப்படியொரு சட்டம் இன்று இல்லை. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. விலங்கை வதைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உணவு, இடம், சிகிச்சை தருவது வளர்ப்பவரின் கடமை என்று சொல்லும் அந்தச் சட்டம், குட்டி போடுவதைத் தடுக்கும் கடமையைப் பற்றிப் பேசவில்லை. நாய்க்கு ஊராட்சி மன்றத்திடம் உரிமம் எடுக்க வேண்டும். பூனைக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசூட்டில் கோப்பி என்ற தெருநாய் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. அதற்குப் பிறகு, கொல்வதா கருத்தடை செய்வதா என்ற வாதம் நெகிரி செம்பிலானிலும் சூடுபிடித்தது.

வெளிநாடுகளில் கட்டாயச் சட்டம் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் கான்பரா பகுதியில் 2001 முதல் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியா 2013இல் பூனைகளுக்குக் கொண்டுவந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2018 ஜூலைக்குப் பின் பிறந்த நாய், பூனைகளுக்கு ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2008இல் நான்கே மாதம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் கருத்தடையை ஊக்குவித்தாலும், தனியார் வளர்ப்புப் பிராணிகளுக்கு அதைச் சட்டத்தால் கட்டாயமாக்குவதை ஆதரிக்கவில்லை. அபராதத்துக்குப் பயந்து மக்கள் உரிமமும் எடுக்கமாட்டார்கள், தடுப்பூசிக்கும் வரமாட்டார்கள் என்பது அதன் கவலை. நியாயமான கவலை. பெரிய இன நாய்களுக்குச் சீக்கிரமே செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது என்ற ஆய்வுகளும் உண்டு. லயத்து நாட்டு நாய்க்கு அது பெரிய பிரச்சினையல்ல.

பெரிய பிரச்சினை பணமும் தூரமும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி. தனியார் கிளினிக்கில் பெட்டை நாய்க்குச் செய்யச் சில நூறு வெள்ளி ஆகிவிடும். ஆண் நாய்க்குச் சின்ன வேலை. பெட்டைக்கு வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் எடுக்க வேண்டும். முந்தின இரவிலிருந்து பட்டினி போட வேண்டும். கயிறே கட்டிப் பழகாத நாயைப் பிடித்துச் சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ கொண்டுபோக வண்டி வேண்டும். திரும்பி வந்ததும் பத்து நாள் காயத்தை நக்காமல், சேற்றில் படுக்காமல், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் நாயை விடாத குடும்பம் அதை எங்கே கட்டிவைக்கும்? தையல் பிரிந்தால் மறுபடி கிளினிக், மறுபடி செலவு. இதையெல்லாம் யோசிக்காமல் அபராதம் மட்டும் எழுதினால், சோறு போடுகிற கையும் நின்றுபோகும். "எங்கள் நாய் இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம்.

நாயைக் கைவிடுவது ஏற்கெனவே நடந்திருக்கிறது. நீலாய், செண்டாயான் பக்கம் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் வீடமைப்புப் பகுதிகளானபோது, அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களால் நாயைக் கூட்டிப்போக முடியவில்லை. தொழிலாளர் வீட்டுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் தரம் வகுத்திருக்கிறது. தோட்டம் மூடும்போது விடப்படும் நாய்களுக்கு யார் பொறுப்பு என்பதைத்தான் ஒருவரும் வகுக்கவில்லை. இந்த இடத்தில் தோட்ட நிர்வாகங்களும் நிலத்தை வாங்கும் மேம்பாட்டாளர்களும் தப்பித்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கட்டாயத்துக்கு மாற்றாகச் சிங்கப்பூரின் வழி வேறு. கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமம் 15 சிங்கப்பூர் வெள்ளி, செய்யாத நாய்க்கு 90. சென்னையில் புளூ கிராஸ் 1964இலேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. அங்கே முதலில் வந்தது அறுவை மேசை, அபராதமல்ல. மலேசியாவில் மதமும் குறுக்கே நிற்கவில்லை: தேவை இருந்தால் பூனைக்குக் கருத்தடை செய்யலாம் என்று தேசிய ஃபத்வா மன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது.

எனவே நெகிரி செம்பிலானில் கட்டாயச் சட்டம் கடைசியில் வரட்டும். முதலில் கால்நடைத் துறையின் நடமாடும் கிளினிக் தோட்டத்து மண்டபத்துக்கு வரட்டும். செலவில் ஒரு பங்கை நிர்வாகம் ஏற்கட்டும். அதே நாளில் வெறிநாய்க்கடி தடுப்பூசியும் போடப்படட்டும். சரவாக்கில் 2017இல் தொடங்கிய வெறிநாய்க்கடி நோய் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருப்பதை மறக்கவேண்டாம்.

வரிசையில் பெட்டைகள் முதலில். ஒரே ஒரு கடுவன் தப்பினாலும் பெட்டைகள் அத்தனையும் சினையாகும். சினைக்காலமோ சுமார் 63 நாள்தான், ஆண்டுக்கு இருமுறை பருவம் வரும். உங்கள் வாசலில் ஆறு மாதப் பெட்டைக்குட்டி ஒன்று படுத்திருந்தால், சட்டத்துக்குக் காத்திருக்காமல் லயத்தில் நாலு வீடு சேர்ந்து காசு போடுங்கள். மீதியை மானேஜரிடம் கேளுங்கள்.