உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக் குடலும் மாத்திரையின் பிடிமானமும்

● ஒக்கூரில் ஞாயிற்றுக்கிழமை குழம்புக்குப் போகும் ஆட்டுக் குடல், மருந்தியல் ஆய்வகத்தில் சோதனைப் பொருள். கன்னத்தின் உட்புறத்திலோ குடலிலோ ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்ல மருந்தை விடும் மாத்திரைகளில் பாலிமர் சேர்க்கிறார்கள். அது சளியை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க, கறிக்கடையில் வாங்கிய புதுக் குடலே பல கல்லூரிகளுக்குக் கைகொடுக்கிறது.

● விலையுயர்ந்த இயந்திரம் இல்லையா? இரண்டு தட்டுத் தராசு போதும். ஒரு தட்டைக் கழற்றி, அந்தப் பக்கம் மாத்திரையைத் தொங்கவிட்டு, கீழே விரித்த குடல் சவ்வின் மேல் சில நிமிடம் படிய வைப்பார்கள். பிறகு எதிர்த்தட்டில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவார்கள். எத்தனை கிராமில் மாத்திரை பிய்த்துக்கொண்டு வருகிறதோ, அதுதான் பிடிமானம். அதை 9.81-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் நியூட்டன் கணக்கு கிடைக்கும்.

● அழுத்திய எடை, தொட்டிருந்த நேரம், ஈரம், அமிலத்தன்மை: இவற்றில் ஒன்று மாறினாலும் விடை மாறும். தண்ணீர் மிஞ்சினால் பாலிமர் ஊறிக் கொழகொழத்து, பிடியை விட்டுவிடும். இவற்றைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் ஆய்வுக் கட்டுரையால் யாருக்கும் பயனில்லை.

● 1984-இல் ஸ்மார்ட், கெல்லவே, வொர்த்திங்டன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பாலிமர் பூசிய கண்ணாடித் தகட்டைச் சளியில் முக்கி, வெளியே இழுக்கும் விசையை அளந்தார்கள்.

● குருணை மருந்துக்கு வேறு வழி. கண்ணாடித் தகட்டில் கட்டிய குடல் துண்டின் மேல் மணிகளைத் தூவி, மாத்திரை உடையும் நேரத்தைச் சோதிக்கும் கருவியில் மாட்டி, 37 டிகிரி திரவத்தில் ஏற்றி இறக்குவார்கள். மணிக்கொரு முறை எத்தனை மிச்சம் என்று எண்ணுவார்கள்.

● சளியிலுள்ள மியூசினுக்கு எதிர்மின்சுமை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானுக்கு நேர்மின்சுமை. அதனால் இரண்டும் ஈர்த்துக்கொள்ளும். ராமநாதபுரம் மாவட்டக் கடலில் விளையும் சர்காசம் பாசியின் ஆல்ஜினேட்டுக்கும் எதிர்மின்சுமைதான், ஆனாலும் ஒட்டுகிறது! ஹைட்ரஜன் பிணைப்பும், இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதும் காரணம்.

● புளியங்கொட்டைப் பருப்பின் சர்க்கரைப் பாலிமர், கண் வறட்சிக்கான சொட்டு மருந்தில் சேர்கிறது. கண்ணில் அதிக நேரம் தங்குவது அதன் சிறப்பு.

● எலிக் குடலில் சளிப் படலம் 47 முதல் 270 நிமிடத்துக்குள் புதுப்பிக்கப்படுகிறது என்று 1991-இல் லேர் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணித்தார்கள். பாலிமர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், பிடித்த சளியே கழன்று போய்விடும். கறிக்கடைக் குடல் துண்டில் இது தெரியாது.