குவாதலூப்பில் இரண்டு மணி நேரம்: றம்மும் அதன் பின்னால் நிற்கும் எம்மவரும்

ஐரோப்பாவிலும் கனடாவிலும் பனி கொட்டும் மாதங்களில் கரிபியன் கடலில் உல்லாசப் பயணக் கப்பல்கள் நிறைந்துவிடுகின்றன. புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களும் இக்கப்பல்களில் ஏறத் தொடங்கிவிட்டன. பிள்ளைகள் படித்து உழைக்கத் தொடங்கியதும், குளிரிலும் வேலையிலும் காலத்தைக் கழித்த தாய் தகப்பனை ஒரு முறையாவது வெயில் உள்ள கடலுக்குக் கூட்டிச் செல்ல விரும்புகிறார்கள். நல்ல விடயம்தான்.

கப்பல் காலையில் ஒரு தீவில் கட்டும், மாலையில் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் எங்கே போகலாம் என்று ஒரு பட்டியல் தருவார்கள். கடற்கரை, நீர்வீழ்ச்சி, கடைத்தெரு என்று நீளும் அப்பட்டியலில் அநேகமாக எல்லாத் தீவுகளிலும் ஒரு வரி இருக்கும்: ‘றம் சுவைத்தலும் கொக்டெயில் தயாரித்தலும்.’ எம்மவர் பலர் இந்த வரியைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். “குடிக்கிற இடத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதா?” என்று அம்மாமார் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் குவாதலூப் தீவில் கப்பல் கட்டினால், ஒரு சொட்டும் குடிக்காதவர்கள்கூட இந்தப் பயணத்தைத் தவறவிடக் கூடாது என்பது எமது எண்ணம். காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

பிரான்சின் ஒரு துண்டு

குவாதலூப் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். யூரோ செல்லும், அலுவலக மொழி பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் கிரெயோல். வரைபடத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல இரண்டு தீவுகள் ஒட்டி நிற்கின்றன. கிழக்குச் சிறகான கிராந்த் தேர் தட்டையான கரும்பு நிலம். மேற்குச் சிறகான பாஸ் தேர் மலையும் காடும் கொண்டது. 1,467 மீற்றர் உயரமான சூபிரியேர் எரிமலை அங்கேதான் இருக்கிறது. கப்பல்கள் இரண்டு சிறகும் சேரும் இடத்துக்கு அருகிலுள்ள புவான்தாபித்ர் துறைமுகத்தில் கட்டுகின்றன.

துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் சுமார் அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வடிசாலைகளை அடைந்துவிடலாம். கிராந்த் தேரில் லு மூல் என்ற ஊரில் பழைய காற்றாலையுடன் நிற்கும் தமுவாசோ வடிசாலை பெயர்பெற்றது. பாஸ் தேர் பக்கத்தில் கப்பெஸ்தேர் என்ற ஊரில் லோங்தோ வடிசாலை உள்ளது. பார்வையிடவும் சுவைக்கவும் கொக்டெயில் கலக்கவும் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும்.

கரும்பிலிருந்து கிளாஸ் வரை

யமெய்க்கா, பார்படோஸ் போன்ற தீவுகளில் றம் பெரும்பாலும் சீனி ஆலையில் மிஞ்சும் கறுத்தப் பாகிலிருந்து செய்யப்படுகிறது. பிரெஞ்சுத் தீவுகளின் சிறப்பு வேறு. இங்கே பெரும்பாலான வடிசாலைகளில் கரும்பின் பச்சைச் சாற்றையே நேராகப் புளிக்க வைத்து வடிக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பீற்றூட் சீனி பெருகி, கரும்புச் சீனியின் விலை விழுந்தது. தோட்டக்காரர் பலர் சீனியைக் கைவிட்டுச் சாற்றையே றம் ஆக்கி விற்கத் தொடங்கினார்கள். அந்த நட்டத்தில் பிறந்ததுதான் இன்று பெருமையோடு விற்கப்படும் இந்த றம். அயல் தீவான மார்த்தினிக் 1996இல் தன் றம்முக்குப் பிரெஞ்சு வைன்களுக்கு உள்ளதுபோன்ற பிறப்பிடச் சான்றும் பெற்றுக்கொண்டது.

செய்முறை எங்களுக்குப் புதியதல்ல. கள்ளு புளித்துச் சாராயமாவதை அறிந்தவர்களுக்கும், வடமராட்சியில் திக்கம் வடிசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கும் பாதி விளங்கிவிடும். வெட்டிய கரும்பை நாட்கணக்கில் போட்டு வைக்க முடியாது, புளித்துக் கெட்டுவிடும். உடனே ஆலைக்குக் கொண்டுவந்து உருளைகளுக்கிடையே நசுக்கிச் சாறெடுக்கிறார்கள். சக்கை வீண்போவதில்லை, அதை எரித்தே கொதிகலனுக்கு நெருப்பு மூட்டுகிறார்கள். சாற்றில் மதுவம் சேர்த்து ஒன்று முதல் மூன்று நாட்கள் புளிக்க வைத்தால் பியரின் அளவு வெறியுள்ள ‘கரும்பு வைன்’ கிடைக்கும். அதை உயர்ந்த கோபுரம் போன்ற வடிகலத்தில் மேலிருந்து விட்டு, கீழிருந்து நீராவி ஏற்றுவார்கள். வெளியே வருவது நூற்றுக்கு 70 அளவு மதுசாரமுள்ள தெளிந்த திரவம். சில மாதங்கள் ஆறவிட்டு, தண்ணீர் கலந்து 50 அல்லது 55 ஆகக் குறைத்துப் போத்தலில் அடைத்தால் அது வெள்ளை றம். ஓக் மரப் பீப்பாவில் 3 வருடம் அல்லது அதற்கு மேல் கிடந்து, மரத்தின் நிறமும் மணமும் ஏறினால் அது பழைய றம். வெப்ப நாட்டில் பீப்பாவிலிருந்து றம் வேகமாக ஆவியாகிப் போகும். அந்த இழப்பைத் ‘தேவதூதர்களின் பங்கு’ என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

கரும்பு வெட்டு ஏறக்குறைய பெப்ரவரியிலிருந்து யூன் வரை நடக்கிறது. மார்கழியில் போனால் ஆலை ஓய்ந்திருக்கும். பீப்பாக்களையும் இயந்திரங்களையும் மட்டும் பார்க்கலாம். ஆலை ஓடுவதைப் பார்க்க விரும்புபவர்கள் பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பயணத்தை வைப்பது நல்லது.

சுவைப்பதும் கலப்பதும்

சுவைக்கும் மேசையில் வெள்ளை றம்மை முதலிலும் பழையதைப் பின்னரும் தருவார்கள். மூக்கைக் கிளாசுக்குள் விட்டு இழுத்தால் மதுசாரம்தான் சுடும். சற்றுத் தள்ளிப் பிடித்து மெதுவாக முகர்ந்தால் வெள்ளை றம்மில் அறுத்த கரும்பின் பச்சை மணமும், பழையதில் வனிலா, கறுவா, காய்ந்த பழங்கள் போன்ற மணங்களும் தெரியும். ஒரு துளியை நாக்கில் வைத்திருந்து விழுங்க வேண்டும். இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரே மிடறில் அண்ணாந்து விழுத்துபவர் சுவையை அறியப்போவதில்லை.

அடுத்தது கொக்டெயில். இத்தீவுகளின் சொந்தக் கலவை ‘தி பஞ்ச்’. செய்முறை மூன்று வரிதான். சிறிய கிளாசில் ஒரு துண்டுத் தேசிக்காயைப் பிழிந்து போட வேண்டும். ஒரு தேக்கரண்டி கரும்புப் பாணி அல்லது சீனி சேர்க்க வேண்டும். அதன்மேல் வெள்ளை றம்மை விட்டுக் கலக்க வேண்டும். கலக்குவதற்கு ‘புவா லேலே’ என்ற மரக்குச்சியைப் பயன்படுத்துவார்கள்; அது ஒரு மரத்தின் கிளைநுனியை வெட்டிச் செய்தது, முனையில் கிளைகள் விரல்போல விரிந்திருக்கும். எமது வீட்டு மத்தின் சின்னத் தங்கச்சி என்று சொல்லலாம். அவரவர் கிளாசை அவரவரே கலக்குவதுதான் வழக்கம். ‘ஒவ்வொருவரும் தம் சாவைத் தாமே தயார் செய்யட்டும்’ என்று கிரெயோல் மக்கள் பகிடியாகச் சொல்வார்கள்.

பகிடியில் உண்மையும் உண்டு. நூற்றுக்கு 50 அளவுள்ள றம்மில் 5 சென்ரிலீற்றர் எடுத்தால் அதில் 20 கிராம் மதுசாரம் இருக்கிறது. பிரான்சில் 2017இல் சுகாதாரத்துறையினர் வெளியிட்ட அறிவுரை, ஒரு நாளில் இரண்டு அளவுகளுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்பது. ஒரு அளவு என்பது 10 கிராம். ஆகவே அந்தச் சின்னக் கிளாஸ் ஒன்றிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது. தனிமையாலும் இரவு வேலையாலும் குடிக்குள் விழுந்தவர்களையும், அதனால் உடைந்த குடும்பங்களையும் நாம் எமது சமூகத்தில் கண்டிருக்கிறோம். அளவைச் சொல்லாமல் சுவையை மட்டும் எழுதுவது சரியல்ல. குடிக்காதவர்களும் பிள்ளைகளும் இதே மேசையில் கரும்புச்சாறும் தேசிக்காயும், கொய்யா, அன்னாசிச் சாறுகளும் கேட்டு வாங்கிக் கலந்து பார்க்கலாம். கலக்கும் கலையைக் கற்க றம் கட்டாயமில்லை.

கரும்பை வெட்டியவர் யார்?

இனி நாம் சொல்லவந்த விடயத்துக்கு வருவோம். இந்தத் தீவில் கரும்பை முதலில் நட்டு வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். பிரான்ஸ் 1794இல் இங்கு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் மீண்டும் கொண்டுவந்தது. 1848இல்தான் அது முற்றாக ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் பலர் பழைய எசமானின் தோட்டத்தில் நிற்க விரும்பவில்லை. தோட்டக்காரர்கள் ஆள் தேடி இந்தியாவை நோக்கினார்கள். 1854 டிசம்பர் இறுதியில் ‘ஒரேலி’ என்ற கப்பல் 300க்கும் மேற்பட்ட இந்தியர்களுடன் புவான்தாபித்ரை வந்தடைந்தது.

இன்று உல்லாசப் பயணக் கப்பல்கள் கட்டுவதும் அதே ஊரில்தான். 1889 வரை 42,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்தார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறிய தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். பின்னர் கல்கத்தாவிலிருந்தும் வந்தார்கள். 5 வருட ஒப்பந்தம், அதன்பின் திரும்பிப் போகலாம் என்பது பேச்சு. திரும்பியவர் சிறு பகுதியினரே. நோயிலும் வேலையின் கடுமையிலும் ஏராளமானோர் மடிந்தனர். நிலைமை எவ்வளவு மோசமென்றால், 1888இல் ஆங்கில அரசே தன் ஆட்சியிலுள்ள இந்தியாவிலிருந்து குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது.

எஞ்சியவர்களின் மொழி சில தலைமுறைகளில் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் பெயர்கள் மறையவில்லை. சிதம்பரம், முத்துசாமி, ராமசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருமாறி இன்றும் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. மாரியம்மனும் மதுரைவீரனும் கோயில்களில் நிற்கிறார்கள். பொருள் தெரியாவிட்டாலும் தமிழ்ப் பாட்டுகளைச் சடங்குகளில் பாடுகிறார்கள். ‘கொலொம்போ’ என்ற மசாலாக் கறி தீவு முழுவதன் உணவாகிவிட்டது. அது எமது ‘குழம்பு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலர் கூறுவர். அந்த மக்கள் வழிவந்த ஏர்னெஸ்ற் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

சிதம்பரத்தின் வழக்கு

கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் குவாதலூப் மண்ணிலேயே பிறந்தும் பிரெஞ்சுக் குடிமக்களாக ஏற்கப்படவில்லை, வாக்குரிமை இல்லை. 1904இல் அவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும்படி சிதம்பரம் கோரினார். ஆட்சியாளர் எதிர்த்தனர். வழக்கு, மனு, மறுப்பு என்று ஏறக்குறைய 20 வருடங்கள் சென்றன. அவர் விடவில்லை. 1923இல் உரிமை கிடைத்தது. 1952 வரை வாழ்ந்து, தன் மக்கள் வாக்களிப்பதைக் கண்டுதான் அவர் கண்மூடினார்.

அகதி விண்ணப்பம், நிராகரிப்பு, மேல்முறையீடு, விசாக் கடதாசி என்று வருடக்கணக்கில் காத்திருந்த எமக்கு இந்தக் கதை அந்நியமானதா? “இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்த நாட்டில் என்ன உரிமை?” என்ற கேள்வியை எமக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே ஒரு தமிழ்ப் பெயர் கொண்டவர் நீதிமன்றத்தில் கேட்டிருக்கிறார். கரும்புத் தோட்டத்தில் ஒருவன் வெட்டிய கரும்பு ஒரு பருவத்தில் றம்மாகிவிடும். அவன் பிள்ளை குடிமகனாக எத்தனை தலைமுறை பிடித்தது என்பதை எமது பிள்ளைகள் அறிய வேண்டும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

கப்பெஸ்தேர் பக்கம் போகும் பயணத்தைத் தெரிவு செய்தால், அங்குள்ள சாங்கி என்ற இடத்தின் இந்துக் கோயிலையும் பார்க்கக் கேளுங்கள். கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ் நிற்காவிட்டால், மூன்று நாலு குடும்பங்கள் சேர்ந்து வாகனம் பிடிக்கலாம். கப்பல் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே துறைமுகத்துக்குத் திரும்பிவிடுங்கள். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திராது. வாகனம் ஓட்டுபவர் சுவைக்கும் மேசையில் கரும்புச்சாற்றோடு நிற்க வேண்டும்.

தூரம் போக முடியாத முதியவர்கள் புவான்தாபித்ரிலேயே ‘மெமோரியல் ஆக்த்’ என்ற அடிமை வரலாற்று நிலையத்தைப் பார்க்கலாம். தார்பூசியே என்ற பழைய சீனி ஆலை இருந்த நிலத்தில் அது 2015இல் திறக்கப்பட்டது.

குவாதலூப் பிரான்சாக இருந்தாலும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்காது. அகதிப் பயணப் பத்திரத்தில் செல்பவர்கள் குவாதலூப்புக்கு மட்டுமன்றி, கப்பல் கட்டும் ஒவ்வொரு தீவுக்கும் விசா தேவையா என்று ரிக்கற் வாங்குமுன் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். வாங்கும் றம் போத்தலைப் பெரும்பாலான கப்பல்களில் வாசலில் வாங்கி வைத்துக் கடைசி நாளில்தான் தருவார்கள். விமானத்தில் அதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. பெட்டிக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும்.

வழிகாட்டி வடிகலத்தையும் பீப்பாவையும் நன்றாக விளக்குவார். கரும்பு வெட்டியவர்களைப் பற்றி அவர் சொல்லாவிட்டால், எமது பிள்ளைகளைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள். பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ ஒரு கேள்வி போதும்: “இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்களா?” கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரும் அந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயரும் ஒன்றாக இருந்தாலும் வியப்பதற்கில்லை.