முதியோர் இல்லத்தில் உதவி அதிகமானால் என்ன ஆகும்?

"நீங்க உட்காருங்க பாட்டி, நான் ஊட்டி விடறேன்." அன்பான வார்த்தைதான். ஆனால், ஸ்பூனைத் தானே பிடிக்க முடிந்தவரிடமும் தினமும் இதையே சொன்னால்?

அமெரிக்காவில் ஜெரி ஏவோர்ன், எலன் லாங்கர் இருவரும் இதைச் சோதித்துப் பார்த்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். பராமரிப்பு இல்லங்களில் இருந்த 72 பேருக்கு ரொம்ப சிம்பிளான வேலை: துண்டுகளைச் சேர்த்து ஒரு படத்தை முடிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு வாய்வார்த்தையில் உற்சாகம் மட்டும். இன்னொரு குழுவுக்குக் கூடவே கைகொடுத்து உதவி. மூன்றாவது குழுவை அப்படியே விட்டுவிட்டார்கள். நான்கு அமர்வுகளுக்குப் பிறகு, உற்சாகம் பெற்றவர்கள் முன்பைவிட வேகமாகச் செய்தார்கள். உதவி பெற்றவர்களோ, தாங்கள் முதலில் செய்ததைவிட மோசமாகச் செய்தார்கள். யாருமே கண்டுகொள்ளாத குழுகூட இவர்களைவிடத் தேவலை!

கை நீட்டுகிறவர் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனாலும் 'உங்களால முடியாது' என்ற செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முதியவரின் உடல் சுதந்திரத்தை அளக்க, மருத்துவர் சிட்னி காட்ஸ் குழு 1963-ல் தந்த பட்டியல் இன்றும் பயன்படுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, எழுந்து நகர்வது, சிறுநீர், மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. அவ்வளவுதான். இன்னொருவர் பக்கத்தில் நிற்காமல் குளிப்பது எவ்வளவு பெரிய கௌரவம் என்பது, கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

ஊழியர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தாத்தா தானே சட்டை பட்டன் போடும்வரை காத்திருப்பதைவிட, போட்டுவிடுவது சீக்கிரம் முடிகிற வேலை. அடுத்த அறையில் இன்னொருவர் காத்திருக்கிறார். பொறுமைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதனால், வீட்டுப் பெரியவருக்காக இல்லம் தேடும்போது, "எல்லாத்தையும் நாங்களே பாத்துப்போம் சார்" என்றால் உடனே நிம்மதி அடையாதீர்கள். காலை நேரத்தில் எத்தனை பேருக்கு ஓர் ஊழியர், நடைபாதையில் கைப்பிடி இருக்கிறதா, தானாகச் சாப்பிட முடிந்தவருக்கு எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். விழும் ஆபத்து உள்ளவருக்கு ஆள் துணை அவசியம். அதில் சமரசம் வேண்டாம்.

'இந்த வயசுல இனிமே உடம்பு தேறுமா?' என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. பாஸ்டனில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் வெளியான ஆய்வு இது. பயிற்சியை முடித்த 9 பேரின் கால் தசை பலம் சராசரியாக 174% கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள்.